பதினோரு ஸ்க்ரூ

உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல பேண்ட் ஷோ நடக்கும்போது ஒரு காரியம் பண்ணுங்க. பாட்டை ஒரு நிமிஷம் விட்டுட்டு, கிடார் வாசிக்கிறவர் கையில இருக்கிற கிடாரை மட்டும் பாருங்க. தந்திகளுக்குக் கீழே வெள்ளையாவோ கறுப்பாவோ ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டிக்கிட்டு இருக்கா? இல்லை, வெறும் மரமும் பெயின்ட்டுமா வழுவழுன்னு மின்னுதா?

அந்தத் தகட்டுக்குப் பேர் பிக்கார்டு. பிக் வச்சு வேகமா அடிக்கும்போது மரத்துல கீறல் விழாம இருக்க வச்சது. அவ்வளவுதான் அதோட வேலைன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இது இருந்தா கிடார் அழகா, இல்லாட்டி அழகா? மீசை வச்சா அழகா எடுத்தா அழகாங்கிற மாதிரி வெட்டிப் பேச்சாத்தான் தெரியும். ஆனா 2004-ல இந்த ஒரு கேள்வியால நான் ஒரு கிடாரைக் கிட்டத்தட்டக் கொன்னே போட்டேன் பாஸ். அது என்னோடது கூட இல்லை. அப்பாவோடது.

அப்பா திருச்சிப் பக்கம் ஒரு ஆர்கெஸ்ட்ராவுல ரிதம் கிடார். நீங்க பழைய ஆர்கெஸ்ட்ரா போட்டோ பார்த்திருப்பீங்க. முன்னாடி பாட்டுக்காரங்க, பக்கத்துல கீபோர்டு, கொஞ்சம் தள்ளி ஸ்டைலா நிக்கிற லீட் கிடார். இவங்க எல்லாருக்கும் பின்னால, டிரம்ஸுக்கும் தபேலாவுக்கும் நடுவுல, பாதி முகம் மறைஞ்சு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் எங்கப்பா. ஸோலோ எல்லாம் கிடையாது. ராத்திரி பத்து மணியில இருந்து விடிய நாலு மணி வரைக்கும் கார்ட்ஸ். மேல, கீழ, மேல, கீழ. கீபோர்டு ஒண்ணே எல்லா வாத்தியத்தையும் வாசிக்க ஆரம்பிச்சதும், முதல்ல வீட்டுக்கு அனுப்பப்பட்டவங்கள்ல அவரும் ஒருத்தர். கிடார் கொஞ்ச வருஷம் ஹால்ல ஜன்னலோரமா ஆணியில தொங்கிச்சு. அப்புறம் பழைய போர்வையில தச்ச உறைக்குள்ள போய்ப் பரணுக்கு ஏறிடுச்சு.

சிவப்பு கிடார். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இருக்கு இல்லையா, இரண்டு கொம்போட, உலகத்துலயே அதிகமா காப்பி அடிக்கப்பட்ட கிடார்கள்ல ஒண்ணு... அதோட நகல். கல்கத்தாவுல செஞ்சதுன்னு அப்பா சொல்வார். செகண்ட் இயர்ல அதைக் கெஞ்சிக் கூத்தாடி ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போனேன்.

உறையைப் பிரிச்சதும் எங்க டிரம்மர் அடிச்ச முதல் கமென்ட்: “என்ன மச்சான், உங்க கிடாரு பனியன் போட்டிருக்கு?”

தப்பே இல்லை. வெள்ளையா இருந்த பிக்கார்டு பழுப்பேறி, நிஜமாவே துவைச்சுத் துவைச்சு மஞ்சளான பனியன் மாதிரிதான் இருந்தது. மேல பூரா கீறல். ஓரத்துல ஏதோ பென்சில்ல கிறுக்கின மாதிரி அழுக்கு. அந்த அறையில அன்னிக்கு இரண்டு கட்சி உருவாச்சு. ‘கழட்டு’ கட்சி, ‘விடு’ கட்சி. ‘விடு’ கட்சியில ஒரே ஒரு ஆள்தான், அதுவும் அவனுக்குத் தூக்கம் வந்ததால.

‘கழட்டு’ கட்சிக்கு ஆதாரம் சுவத்துலயே இருந்தது. ஜோ சாட்ரியானி போஸ்டர். அவரோட ஐபனேஸ் கிடார்ல பிக்கார்டே கிடையாது. சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். ஸ்லாஷ் வாசிக்கிற லெஸ் பால் கிடார்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

லெஸ் பால் விஷயத்தை இங்கேயே சொல்லிடறேன், ஏன்னா அதுல நான் இன்னிக்கும் ‘கழட்டு’ கட்சி. கிப்சன் கம்பெனி அதை 1952-ல கொண்டுவந்தப்போ மேல தங்கக் கலர் பெயின்ட். பெயின்ட்டுக்குக் கீழே மரம் எப்படி இருந்தா யாருக்கு என்ன? 1958-ல பெயின்ட்டை விட்டுட்டு, மரம் தெரியற மாதிரி சிவப்பும் மஞ்சளுமா சன்பர்ஸ்ட் சாயம் ஏத்தினாங்க. இப்போ மேப்பிள் மரத்தோட ரேகை அப்படியே தீ எரியற மாதிரி தெரியுது. அது மேல போய்க் க்ரீம் கலர்ல ஒரு பிளாஸ்டிக்கை நீட்டிவிட்டா எப்படி? பட்டுப்புடவை மேல பாலிதீன் கவர். அதுவும் அந்த பிக்கார்டு உடம்புல ஒட்டியே இருக்காது. பக்கவாட்டுல ஒரு சின்னக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, பால்கனி மாதிரி அந்தரத்துல நிக்கும். வயர், கியர்னு ஒண்ணும் அதுல கிடையாது. இரண்டு ஸ்க்ரூ கழட்டினா கையோட வந்துடும். பல பேர் கழட்டி டிராயர்ல போட்டுட்டுத் தொலைச்சும் இருக்காங்க. 1985-ல ஆரம்பிச்ச பி.ஆர்.எஸ். கம்பெனி இன்னும் தெளிவு. மரத்தோட ரேகைதான் அவங்க கிடாரோட அழகே. அதனால பெரும்பாலான மாடல்கள்ல பிக்கார்டு பேச்சே கிடையாது.

சரியா? மரத்தைக் காட்டத்தான் கிடார்னா, தகடு வேண்டாம். இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. லெஸ் பாலுக்குச் சரியா இருந்த இந்த நியாயத்தை அப்பாவோட ஸ்ட்ராட் மேல போட்டுப் பார்த்ததுதான் என் மகா புத்திசாலித்தனம்.

ஸ்டடி ஹாலிடேஸ். ராத்திரி ஒரு மணி. மறுநாள் கழிச்சு மேத்ஸ் பேப்பர். இப்படிப்பட்ட நேரத்துலதானே நமக்கு ஞானம் பிறக்கும்? ரூம்மேட்கிட்ட ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன். பிக்கார்டைச் சுத்திப் பதினோரு ஸ்க்ரூ. ஒவ்வொண்ணாக் கழட்டி டம்ளர்ல போட்டேன். தகட்டைத் தூக்கினேன்.

தகடு மட்டும் வரலை. மூணு பிக்கப், மூணு குமிழ், ஒரு ஸ்விட்ச், எல்லாத்தையும் இணைக்கிற வயர்... மொத்தக் குடலும் அதோட சேர்ந்து எழுந்து வந்துச்சு. பயந்துபோய் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ‘டிக்’. ஜாக்குக்குப் போற வயர் அறுந்துடுச்சு.

கீழே பார்த்தா அழகான மரம் எங்கேயும் இல்லை. பெரிய பள்ளம். கார்ப்பரேஷன்காரங்க கேபிள் போடத் தோண்டிட்டு மூடாமப் போன ரோடு மாதிரி. ஓரமெல்லாம் உளித் தடம், பிசிறு பிசிறா மரம். ஆனா ஒரு விஷயம். பிக்கார்டு மூடியிருந்த இடத்துல, பள்ளத்தைச் சுத்தி ஒட்டின சிவப்பு இருந்தது பாருங்க... புதுக் குங்குமம்! வெளியே இருந்த சிவப்பு வெயில்ல வெளுத்துச் செங்கல் கலராயிடுச்சுங்கிறதே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது. அப்பா கடையில இருந்து தூக்கிட்டு வந்த அன்னிக்கு இது என்ன கலர்ல இருந்திருக்கும்னு அந்த ஒரு விரற்கடை ஓரத்துலதான் பார்த்தேன். (1950-கள் கடைசியில வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்களுக்கும் இதே கதைதான். சிவப்புச் சாயம் வெளிச்சத்துல வெளுத்து, நிறைய கிடார்கள் எலுமிச்சம்பழக் கலருக்கே போயிடுச்சு. பிக்கப்பைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் வளையத்தைக் கழட்டினா அடியில பழைய சிவப்பு எட்டிப் பார்க்கும்.)

மேத்ஸ் பேப்பரைப் பத்திப் பேச வேண்டாம்.

கிடார் ரிப்பேர்னு ஒரு கடை அப்போ எனக்குத் தெரிஞ்சு எங்க ஊர்ல இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரேடியோ ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட, கிடாரைப் பெட்ஷீட்ல சுத்தி எடுத்துட்டுப் போனேன். அவர் வாழ்க்கையில கிடாரைத் தொட்டதே இல்லையாம். தகட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் கூட ஆகலை. சிரிச்சார்.

“தம்பி, இதைச் செஞ்சவன் பாட்டுக்காரன் இல்லை. ரேடியோ மெக்கானிக்கு.”

“எப்படிண்ணே சொல்றீங்க?”

“ரிப்பேர் பண்றவனுக்கு எது சுலபமோ அப்படிப் பண்ணிருக்கான் பாரு. எல்லாத்தையும் ஒரே தட்டுல மாட்டி, பத்த வச்சு, அப்படியே கவுத்து மூடிட்டான்.”

பல வருஷம் கழிச்சுத்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பெரியவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை! ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-ல கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்ங்கிற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. கழுத்துப் பகுதியைக் கூட ஒட்டாம நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினவர். எது கெட்டுப்போனாலும் கழட்டி மாட்டணும், அவ்வளவுதான் அவருக்கு. ஸ்ட்ராட்ல பிக்கார்டுதான் கிடாரோட எலெக்ட்ரிகல் போர்டு. அதை எடுத்தா அழகு வெளியே வராது, பள்ளம்தான் வெளியே வரும். ஆரம்பத்துல ஒத்தை அடுக்கு பிளாஸ்டிக், எட்டே ஸ்க்ரூ. தகடு வளைய ஆரம்பிச்சதால, 1959-ல மூணு அடுக்காக்கிப் பதினோரு ஸ்க்ரூ ஆக்கினாங்க. நான் அன்னிக்கு ராத்திரி டம்ளர்ல போட்ட பதினொண்ணுக்கும் இதுதான் பூர்வீகம்.

அந்த மூணு அடுக்குத் தகடுல இன்னொரு கூத்து இருக்கு. 1960-கள்ல ஃபெண்டர் பயன்படுத்தினது செல்லுலாய்ட். வெள்ளையாப் போட்டது வயசாக வயசாக லேசான பச்சைக்கு மாறிடுச்சு. அது ஒரு குறைன்னுதானே சொல்லணும்? ஆனா பழைய கிடார் பைத்தியங்களுக்கு அந்தப் பச்சைதான் பிடிச்சுப்போச்சு. இப்போ ஃபேக்டரியிலயே ‘மின்ட் க்ரீன்’னு கலர் போட்டு, பிறக்கும்போதே வயசான பிக்கார்டு விக்கிறாங்க! கிழிஞ்ச ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்கற நாம இதுக்குச் சிரிக்கக் கூடாது.

பெரியவர் ஈயம் பத்த வச்சுக் கொடுத்தார். “பழையபடி மாட்டிடு தம்பி”ன்னார். கேட்டேனா? கேட்கலை. பிக்கார்டு இல்லாம முடியாதுன்னா, சரி, பிக்கார்டையே மாத்திடுவோம்னு அடுத்த ஞானம். மெட்ராஸ் போன ஒரு சீனியர்கிட்ட காசு கொடுத்து கறுப்பு பிக்கார்டு வாங்கிட்டு வரச் சொன்னேன். வந்தது. ஒரிஜினலுக்குச் செஞ்ச தகடு நகலுக்கு எப்படிப் பொருந்தும்? ஸ்க்ரூ ஓட்டைகள்ல பாதிக்கு மேல தள்ளி நின்னுச்சு. அப்பாவோட மரத்துல புதுசா ஏழு ஓட்டை போட்டேன். இப்போ இதை டைப் பண்ணும்போது கை கூசுது.

ஆனா உண்மையைச் சொல்லணும் இல்லையா... செமையா இருந்தது! வெளுத்த சிவப்பு மேல கன்னங்கரேல்னு கறுப்பு. கிடாருக்கே பத்து வயசு குறைஞ்ச மாதிரி. எனக்குத் துணைக்குப் பெரிய ஆள் ஒருத்தரும் இருக்கார். பிங்க் ஃப்ளாய்டோட டேவிட் கில்மோர். அவர் 1970-ல நியூயார்க்ல வாங்கின கறுப்பு ஸ்ட்ராட்ல முதல்ல இருந்தது வெள்ளை பிக்கார்டுதான். 1974-ல அதைத் தூக்கிட்டுக் கறுப்பு போட்டார். கறுப்பு மேல கறுப்பு. அந்தக் கிடார் 2019-ல கிறிஸ்டிஸ் ஏலத்துல 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சு. பிக்கார்டை மாத்தினதாலயான்னு கேட்காதீங்க. ஆனா அந்த ஒரு தகடு மாறினதும் அது வேற கிடாராயிடுச்சுங்கிறதை, இரண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா நீங்களே ஒத்துக்குவீங்க. ஸ்டீவி ரே வான் இன்னும் ஒருபடி மேலே. கறுப்பு பிக்கார்டு மேல தன் இனிஷியலையே ஒட்டிக்கிட்டார். நம்ம ஊர் ஆட்டோ பின்னாடி பேர் எழுதற மாதிரி.

அந்த வருஷ கல்ச்சுரல்ஸ்ல வாசிச்சேன். கைதட்டல் வந்துச்சு. சரி, அதை விடுங்க.

பழைய பழுப்புத் தகடு என்ன ஆச்சுன்னு கேட்கலையே நீங்க? நானும் கேட்கலை. அது கட்டிலுக்கு அடியில கிடந்தது. என் ரூம்மேட் மெக்கானிக்கல். ஒர்க்‌ஷாப்ல இருந்து ஹேக்ஸா பிளேடு தூக்கிட்டு வந்து, “மச்சி, கடையில பிக் ஒண்ணு பத்து ரூபா. இதுல வெட்டினா ஓசி”ன்னான். ஐடியா பிரமாதமாப் பட்டது. நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து வெட்டினோம், சிமென்ட் தரையில ஓரத்தைத் தேய்ச்சோம். நாலு பிக் தேறிச்சு. மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில போட்டது நான்தான்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். கிடாரைக் கையில வாங்கின அப்பா, கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. கறுப்புத் தகட்டு மேல கட்டை விரலை ஓட்டினார்.

“நல்லாத்தான்டா இருக்கு” அப்படின்னார். அப்புறம், “அந்த வெள்ளை எங்கே?”

“ஹாஸ்டல்ல இருக்குப்பா.” பொய்.

“அதுல கட்டை எழுதி வச்சிருந்தேன்.”

எனக்குப் புரியலை. அவரே சொன்னார். ஆர்கெஸ்ட்ராவுல பாடறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சுருதி. ஒருத்தருக்கு ஒண்ணரைக் கட்டை, அந்தம்மாவுக்கு அஞ்சு, புதுசா வந்த பையனுக்கு ரெண்டரை. மேடையில அறிவிப்பு முடிஞ்சு பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள ரிதம் கிடார்க்காரருக்கு அது தெரிஞ்சாகணும். இருட்டுல பேப்பரைத் தேட முடியுமா? அதனால பிக்கார்டோட மேல் ஓரத்துல, குனிஞ்சா கண்ணுல படற இடத்துல, பென்சில்ல எழுதி வச்சிருந்தார். ஆள் மாறினா எச்சில் தொட்டு அழிச்சுட்டு வேற எழுதுவார். நான் அழுக்குன்னு நினைச்சது அதைத்தான்.

கீறல்? அதையும் கேட்டேன். “ஒரே இடத்துல அடிச்சா அங்கதானே கீறும்”னு சிரிச்சார். அப்போதான் அந்தத் தகட்டை மனசுல திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன். கீறல் எல்லாம் விசிறி மாதிரி ஒரே திசையில, ஒரே இடத்துல இருந்தது. லீட் வாசிக்கிறவர் கிடார்ல இப்படி விழாது. பதினெட்டு வருஷம் கார்ட்ஸ் மட்டுமே அடிச்ச ஆளோட தகட்டுலதான் விழும்.

தகடே இல்லாட்டி என்ன ஆகும்னு பார்க்கணும்னா வில்லி நெல்சனோட ‘டிரிகர்’ கிடார் போட்டோவைத் தேடிப் பாருங்க. அமெரிக்க கன்ட்ரி பாடகர். 1969-ல இருந்து வாசிக்கிறார். மார்ட்டின் கம்பெனியோட நைலான் தந்தி கிடார், விரலால வாசிக்கச் செஞ்சது. அதனால அதுக்கு பிக்கார்டே வைக்கலை. இவர் பிக் வச்சு வாசிச்சு வாசிச்சு, மரத்துலயே ஓட்டை விழுந்துடுச்சு. சத்தம் வர்ற வட்டத்துக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டை! அழகா, அசிங்கமா? எனக்கு அந்தக் கிடாரை எவ்வளவு நேரம் வேணும்னாலும் பார்த்துக்கிட்டு இருக்கலாம். அதே ஓட்டை ஒரு புது பி.ஆர்.எஸ்ல விழுந்திருந்தா அழுதுடுவேன். ஏன் இப்படின்னு எனக்கே சரியா விளக்கத் தெரியலை.

உங்ககிட்ட கிடார் இருந்தா, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. குமிழும் ஸ்விட்ச்சும் தகட்டு மேல உட்கார்ந்திருக்கா? அப்போ அதைத் தொடாதீங்க. டெலிகாஸ்டர்னா குமிழ்களுக்குத் தனி உலோகத் தட்டு இருக்கும், அதனால தகட்டை எடுத்தாலும் வாசிக்கலாம். ஆனா பெரும்பாலும் உள்ள ஒரு பள்ளம் எட்டிப் பார்த்துப் பல்லிளிக்கும். லெஸ் பால் மாதிரி அந்தரத்துல நிக்கிற தகடுன்னா உங்க இஷ்டம், நான் உங்க கட்சி. எப்படியிருந்தாலும் கழட்டினதைப் பத்திரமா வைங்க. ஹேக்ஸா பிளேடு வச்சிருக்கிற ரூம்மேட் இருந்தா பீரோவுல வச்சுப் பூட்டுங்க.

அந்த நாலு பிக்ல மூணு தொலைஞ்சு போச்சு. ஒண்ணு என் பர்ஸ்லயே பல வருஷம் இருந்தது. மூணு அடுக்கு, ஓரம் பார்த்தா வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஒரு பக்கம் தேய்ஞ்சுபோன பென்சில்ல ஏதோ ஒரு எண்ணோட வால், பக்கத்துல ‘½’.

போன பொங்கலுக்கு என் அக்கா பொண்ணு பாடறேன்னு அடம் பிடிச்சா. சிவப்பு கிடார் இப்பவும் வீட்டுலதான் இருக்கு. கறுப்புத் தகட்டுலயும் இப்போ நல்லாவே கீறல் விழுந்திருக்கு, ஆனா அது அங்கேயும் இங்கேயும் தாறுமாறா. என்னோடது. அப்பா பிக் கேட்டார். கடையில வாங்கினதைக் கொடுத்தேன். “மெலிசா இருக்குடா”ன்னார். பர்ஸைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தேன்.

வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சு, மறுபடி பார்த்தார். நான் என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

“பாப்பா, உனக்கு எத்தனை கட்டை?”ன்னார் அவளைப் பார்த்து.